சாட்சி சொன்னவள் போன செத்தவீடு

நீதிமன்ற மொழிபெயர்ப்பு என்பது இப்போது குசினி மேசையில் லாப்டொப்பைத் திறந்து வைத்துச் செய்கிற வேலையாகிவிட்டது. போன மாதம் ஷாமினி எனக்கு ரெலிபோன் எடுத்தாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவள், லண்டனிலேயே பிறந்த பிள்ளை.

"அன்ரி, இண்டைக்கு மூண்டு கோர்ட் செய்தனான். வாசல்படி தாண்டேல்லை," என்றாள். "எங்கடை ஆக்களுக்கு நீங்கள் ஒரு கேஸைப் பற்றி எழுதித் தாங்கோவன். நல்லாக் கஷ்டப்பட்ட கேஸ் ஒண்டு."

எல்லாம் கஷ்டப்பட்ட கேஸ்தான், காலையில் எழும்பிப் போவதே கஷ்டம் என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களுடைய கதையை வாயில் சுமந்தால் வாய் களைத்துப் போகும். இளைப்பாறிய பிறகு நான் செய்த முதல் வேலை கதைப்பதைக் குறைத்ததுதான். ஆனாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன்.

நான் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் அல்ல. கடிதம் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன், முதுகு இடம் கொடுக்கவில்லை. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு டிப்ளோமா இருக்கிறது, அதை எடுத்தால் பொலிஸும் கோர்ட்டும் கூப்பிடும் என்றார்கள். மாலை வகுப்பு. ஒரு தரம் பெயில், மறு தரம் பாஸ். என் படிப்பு அவ்வளவுதான்.

விதிகள் அதிகமில்லை. சொன்னதைக் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. உன் அபிப்பிராயம் யாருக்கும் தேவையில்லை. அதிகாரி பக்கத்தில் இல்லாத நேரம் சாட்சியோடு கதைக்கக்கூடாது. எல்லாவற்றையும் 'நான்' என்றே சொல்லவேண்டும். சாட்சி "நான் ஓடினனான்" என்றால், "அவர் ஓடினாராம்" என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. நான் ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். இப்படி எத்தனையோ பேராக இருந்திருக்கிறேன். மனைவியை அடித்தவன் நான், அடி வாங்கிய மனைவியும் நான். பின்னேரம் வீட்டுக்கு வந்தால், கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற மனிசனுக்குச் சொல்ல எனக்கென்று ஒரு பதில் இருக்காது.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்பதுதானே. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக்கூடாது. சொன்னால் உறவு முளைத்துவிடும், உறவு முளைத்தால் வழக்குக் கெட்டுவிடும். விம்பிள்டன் கோயிலில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவரை எந்தப் பொலிஸ் நிலையத்தில் கண்டேன் என்று யோசித்துக்கொண்டு தெரியாதவள் மாதிரி நிற்பேன். கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. "உவவுக்கு ஒருத்தரோடையும் நன்மை தின்மை இல்லை, பெரிய எடுப்பு," என்று சொல்வார்களாம். ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வராதவரை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு நோகத்தான் செய்தது. என்றாலும் சம்பளம் தருகிறவன் சொன்ன விதியை விட முடியுமா?

பாரிஸ் நேசனை நான் முதலில் கண்டது அடி வாங்கியவனாக. இரண்டாயிரத்தின் தொடக்கம். பாரிசில் சில வருடம் இருந்துவிட்டுத் தாயோடும் தங்கையோடும் தென் லண்டனில் மிச்சம் என்கிற இடத்துக்கு வந்திருந்தான். தகப்பன் இல்லை. பதினாறு பதினேழு வயது. ட்ராம் தரிப்பில் வைத்து ஒரு கூட்டம் அடித்துப் போட்டிருந்தது. பொலிஸ் நிலையத்தில் உதடு வீங்கி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தாய் பூமணி, சான்ட்விச் தொழிற்சாலை உடுப்போடு, தலைக்குப் போட்ட வலையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தார்.

அடித்தவர்களைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும். சொல்லமாட்டன்," என்றான் நேசன்.

"ஏன்?"

"சொன்னால் நீங்கள் அவங்களைப் பிடிப்பியள். ரெண்டு கிழமையிலை விடுவியள். நான் பிறகும் அதே தரிப்பிலைதானே நிக்கவேணும்."

அதிகாரி நல்ல மனிதர். அப்படி இல்லை என்று நிறைய விளக்கினார். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். பூமணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப திரும்ப அடிச்சால் நாங்கள் ஆரிட்டைப் போறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொன்னேன். அவசர இலக்கத்துக்கு அடியுங்கள் என்றார் அவர். அதை நான் தமிழில் சொன்னபோது நேசன் வெடித்த உதட்டோடு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதில் பிழை ஒன்றையும் நான் காணவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து அவனைக் கவுன்சிலின் வீடு கொடுக்கும் பகுதிக் கந்தோரில் கண்டேன். ஒரு வயதான தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நீளக் கறுப்பு ஜாக்கெட், மினுக்கிய சப்பாத்து. "வணக்கம் அக்கா," என்றான், முன்பின் தெரியாதவன் மாதிரி. அந்தப் பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். அவர் இவனை "நேசன் அண்ணை" என்று கூப்பிட்டார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் மிச்சத்தில் நிறைய நடந்திருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ட்ராம் தரிப்புகளில் நேசனின் பெடியள் ஐந்தாறு பேர் நிற்பார்கள். எங்கள் பிள்ளைகளை ஒருவனும் தொடமாட்டான். தாய்மாருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. பிறகு ஒரு கடையின் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள், கடைக்காரர் நேசனிடம் போனார். உடைத்தவன் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு கேட்டவர்களுக்குக் காவல் கிடைத்தது. கொஞ்ச நாளில் கேளாதவர்களுக்கும் கிடைத்தது. வேண்டாம் என்று சொன்னவர்களின் கண்ணாடி உடைந்தது. சட்டன் பக்கம் இன்னொரு கூட்டம் கிளம்பியது, அவர்களுக்கும் இவர்களுக்கும் அடிபாடு. முதலில் பொல்லு, பிறகு கத்தி, பிறகு வாள். ட்ராம் தரிப்பில் நின்ற பிள்ளைகளைக் காப்பாற்றப் புறப்பட்டவன், அந்தப் பிள்ளைகளிலேயே பாதிப் பேரைத் தன் கூட்டத்தில் சேர்த்திருந்தான்.

அதன் பின் அவனைப் பொலிஸ் விசாரணை அறைகளில் அடிக்கடி கண்டேன். அப்போது கசெட்டில்தான் பதிவு. புதுக் கசெட்டை எல்லோர் முன்னிலையிலும் பிரித்துப் போடுவார்கள், மெஷின் நீளமாக ஒரு சத்தம் போடும், சத்தம் நின்ற பிறகு ஒவ்வொருவரும் பெயர் சொல்லவேண்டும். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பான். காரணம் எனக்குத் தெரியும். கேள்வியை இரண்டு தரம் கேட்கலாம், இடையில் யோசிக்கலாம். யோசித்து அவன் சொன்னது எல்லாம் ஒன்றேதான்.

"சொல்ல ஒண்டுமில்லை."

அரைநாள் முழுக்க அதையே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் சாட்சி, தான் ஒன்றும் காணவில்லை என்று சொல்லிவிடுவார். நேசன் வெளியே போய்விடுவான். போகும்போது, "வாறன் அக்கா," என்பான், கல்யாணவீட்டில் விடைபெறுகிற மாதிரி.

இனி அந்த வழக்கு.

மிச்சத்தில் சிவம் என்பவர் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி மனோகரி. கடை எடுப்பதற்கு முன் மனோகரி சான்ட்விச் தொழிற்சாலையில் விடிய ஷிப்டில் வேலை செய்தவர். பூமணியும் அவரும் ஒரே பெல்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாணுக்கு வெண்ணெய் பூசியவர்கள். குளிர்காலத்தில் ஒருவருக்கு ஒருவர் இடம் பிடித்து ஒரே வான் வண்டியில் வந்துபோனவர்கள். நேசன் தாயைக் கூட்டிப்போக வரும்போது மனோகரியும் நிற்பார்.

நேசனின் பெடியள் இனிக் கடைப்பக்கம் வரக்கூடாது என்று சிவம் நேரே சொல்லிவிட்டார். அவர் கொஞ்சம் முன்கோபி. ஒரு மத்தியானம் மூன்று பேர் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார்கள். ஒருவன் கையில் வாள். சிவத்தின் வலது கை மணிக்கட்டோடு தொங்கியது. வைத்தியர்கள் பொருத்திவிட்டார்கள், ஆனால் அந்தக் கை பிறகு மடங்கவில்லை, ஒன்றையும் பிடிக்கவில்லை.

இப்படியான வேலைக்குத் தலைவன் தானே போவது குறைவு. ஆனால் சிவத்தை விட்டால் மற்றக் கடைக்காரரும் நிமிர்ந்துவிடுவார்கள் என்று நேசன் நினைத்திருக்கவேண்டும். முகத்தை மூடினான், கையுறை போட்டான், வந்த காருக்குப் பொய் இலக்கம் மாட்டினான். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வாளை ஓங்க முதல், கல்லாவில் நின்ற மனோகரியைப் பார்த்து, "அக்கா, நீங்கள் பின்னுக்குப் போங்கோ," என்று சொல்லியிருக்கிறான். அவருக்குக் காயம் படக்கூடாது என்று. வேறு இனத்துக் கள்ளன் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். வளர்த்த வளர்ப்பு வாயைக் கட்டவில்லை. மனோகரி அந்தக் குரலைக் கேட்ட உடனே ஆளைத் தெரிந்துகொண்டார்.

இந்த முறை சாட்சி பின்வாங்கவில்லை. சிவம் விடவில்லை என்றும் சொல்லலாம். வழக்கு பெரிய கோர்ட்டுக்கு வந்தது. மனோகரிக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நேசனுக்கு முன்னர் வேறு விசாரணைகளில் மொழிபெயர்த்திருக்கிறேன் என்று முதலிலேயே அறிவித்தேன். இரண்டு தரப்பும் ஆட்சேபிக்கவில்லை. நேசனுக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.

நீதிபதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர், வெந்நீர் மட்டும் குடிப்பார். மற்ற நீதிபதிகள் கம்ப்யூட்டரில் தட்டுகிற காலத்தில் இவர் மைப்பேனையால் எல்லாவற்றையும் எழுதுவார். பேனை எழும்பினால் எல்லோரும் நிறுத்தவேண்டும், பேனை இறங்கினால்தான் தொடரலாம். இரண்டாம் நாளே நான் அவருடைய முகத்தை விட்டுவிட்டுப் பேனையைப் பார்க்கப் பழகினேன். சட்டத்தரணி யாராவது என்னைப் பார்த்து, "அவர் என்ன கண்டார் என்று கேளுங்கள்," என்றால் உடனே தடுப்பார். "சாட்சி அங்கே நிற்கிறார். அவரையே கேளுங்கள்." குரலை உயர்த்தமாட்டார். அந்தத் தொழிலில் என்னை மேசை கதிரை மாதிரி ஒரு தளபாடமாக நினைக்காமல், அதே நேரம் தளபாடமாக இருக்க விட்டவர் அவர் ஒருவர்தான்.

மனோகரி பயத்தின் காரணமாகத் திரைக்குப் பின்னால் நின்று சாட்சி சொல்ல அனுமதி கேட்டிருந்தார். சாட்சிக்கூண்டைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். நீதிபதிக்கும் ஜூரிக்கும் அவர் தெரிவார், நேசனுக்குத் தெரியமாட்டார். சத்தியம் செய்யக் கீதையைக் கையில் எடுக்க முதல் மனோகரி சப்பாத்தைக் கழற்றினார், பிறகு போடவேயில்லை. வெறுங்காலோடு நின்று சொன்னார். நான் பக்கத்தில் நின்று அவராக இருந்தேன். என் கணவருடைய கை தொங்கியது என்றேன். நான் அந்தக் குரலை அவன் பெடியனாக இருந்த காலத்திலிருந்து அறிவேன் என்றேன்.

நேசனின் சட்டத்தரணி குறுக்கு விசாரணை தொடங்கினார். தமிழ்ப் பையன்கள் எல்லோரும் வயதில் மூத்த பெண்களை அக்கா என்றுதானே கூப்பிடுவார்கள், ஒரு சொல்லை வைத்து எப்படி ஆளைச் சொல்வீர்கள் என்று அன்று முழுக்கக் கேட்டார். மனோகரி அசையவில்லை. விசாரணை முடியாமலே அன்று கோர்ட் கலைந்தது. சாட்சி இன்னும் சத்தியத்தின் கீழ் இருக்கிறார், வழக்கைப் பற்றி ஒருவரோடும் கதைக்கக்கூடாது என்று நீதிபதி எச்சரித்தார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

அன்றிரவு பூமணி செத்துப்போனார். மாரடைப்பு. நீதிபதி வழக்கை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார். ஒரே மகன் என்பதால் நேசனைக் கைவிலங்கோடு செத்தவீட்டுக்குக் கொண்டுபோகச் சிறை அனுமதித்தது.

திரும்பவும் கோர்ட் கூடிய அன்று, ஜூரி வர முதலே நேசனின் சட்டத்தரணி எழுந்தார். சாட்சி எதிரியின், அதாவது நேசனின், தாயின் இறுதிச் சடங்குக்குப் போனார், அங்கே எதிரிக்கு முன்னால் நின்றார், சிறை அதிகாரியோடு பேசினார் என்றார். சாட்சியம் முழுவதையும் தள்ளிவிடவேண்டும் என்றும் கேட்டார். மனோகரியின் சாட்சி போனால் வழக்கே இல்லை. நேசன் வெளியே வருவான், சிவத்துக்கு மற்றக் கையும் மிஞ்சாது.

நீதிபதி மனோகரியைப் பார்த்தார். "நீங்கள் போனீர்களா?"

"ஓம். போனனான்."

"ஏன்?"

மனோகரிக்குக் கேள்வி விளங்கவில்லை. நான் திரும்பச் சொன்னேன்.

"செத்தவீட்டுக்கு ஏன் போனனீங்கள் எண்டு கேக்கிறாரோ?" என்றார் என்னிடம்.

நான் பதில் சொல்ல முடியாது. அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆம், அதைத்தான் கேட்கிறேன் என்றார் நீதிபதி.

"பூமணியக்கா செத்திட்டா, போனனான். எத்தினை வருசம் பக்கத்திலை நிண்டு வேலை செய்தனாங்கள். கல்யாணமெண்டால் சொன்னால்தான் போகலாம். இதுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. கோபதாபம் எல்லாம் பெட்டி மூடினாப் பிறகு."

எதிரியோடு பேசினீர்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றார். வழக்கைப் பற்றி யாரோடாவது? இல்லை. சிறை அதிகாரியோடு?

"ஓம். அவரோடை கதைச்சனான்."

அங்கே நடந்தது இதுதான். எங்கள் செத்தவீட்டில் சுண்ணம் இடிப்பது உங்களுக்குத் தெரியும். ஐயர் பாட்டுப் படிக்க, பிள்ளை உரலில் வாசனைப் பொடிக்கு உலக்கை போடவேண்டும். தாய்க்கு அதை இடிக்காமல் பெட்டியைத் தூக்குவதில்லை. நேசனின் வலது கை அதிகாரியின் கையோடு விலங்கிடப்பட்டிருந்தது. உலக்கையைக் கண்டதும் அதிகாரி பயந்துவிட்டார். உலக்கை என்பதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது, நீதிபதி சமையலறையில் மிளகு இடிக்கிற சின்னச் சாமானை நினைத்திருக்கவேண்டும், தலையை ஆட்டினார். மனோகரி கையைத் தன் நெஞ்சளவுக்கு உயர்த்திக் காட்டினார். பேனை நின்றுவிட்டது.

வாளால் வெட்டினான் என்று வழக்கு நடக்கிற ஆளின் கையில் அப்படி ஒன்றைக் கொடுக்க எந்த அதிகாரி சம்மதிப்பார்? முடியாது என்றார். ஐயர் பாட்டை நிறுத்தினார். தங்கை குழறி அழுதாள். நேசனின் பெடியள்கூட முன்னுக்கு வரவில்லை. அப்போது மனோகரி எழும்பி அதிகாரிக்கு முன்னால் போனார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. வந்ததைச் சொன்னனான்," என்றார் கோர்ட்டில். பிறகு தான் சொன்ன ஆங்கிலத்தைத் தானே சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் வெட்டியது என் புருஷனை, நான் இங்கேதான் நிற்கிறேன், எனக்குப் பயமில்லை, அவன் தாய்க்குச் செய்யட்டும். அவ்வளவுதான் பொருள்.

அதிகாரி விலங்கை மற்றக் கைக்கு மாற்றிப் போட்டார். நேசன் இடித்தான்.

சிறை அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படியே சொன்னார். எதிரியும் சாட்சியும் ஒரு சொல்லும் பேசவில்லை என்றார். நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு, சாட்சியம் தொடரலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் நேசனின் சட்டத்தரணியின் முகத்தில் ஏமாற்றம் இல்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று பிறகுதான் விளங்கியது.

ஜூரி வந்து உட்கார்ந்தார்கள். நேசனின் சட்டத்தரணி மெதுவாகத் தொடங்கினார்.

"எதிரியிடம் பயம் என்று சொல்லித்தானே இந்தத் திரையைக் கேட்டீர்கள்?"

"ஓம்."

"ஆனால் போன கிழமை, அவர் கையில் கனமான தடி ஒன்று வரப்போகிற நேரம், ஒரு முழத் தூரத்தில் நின்று, எனக்குப் பயமில்லை என்று சொன்னீர்கள்."

"ஓம்."

"இரண்டில் ஒன்று பொய். உங்கள் கணவரை வெட்டியவர் இவர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அங்கே பயமில்லை. அதனால்தான் அந்தத் தாய்க்கு உங்கள் மனச்சாட்சி கடன்பட்டிருக்கிறது. அப்படித்தானே?"

நான் தமிழில் சொல்லி முடித்தேன். ஜூரியில் ஒருவர் பேனையை வைத்துவிட்டு மனோகரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டினவன் வீட்டுக்குப் போய் ஏன் அழவேண்டும் என்று அவர்களுக்கு எப்படி விளங்கும்? எனக்கு விளங்கும். இரண்டு வசனத்தில் நான் விளக்கியிருப்பேன். நாக்கு நுனியில் நின்றது. என் வேலை அதுவல்ல. கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றேன். என் தொழிலில் அந்த ஒரு நிமிடத்தை விட நீளமான நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை.

மனோகரி யோசித்துச் சொன்னார். துண்டு துண்டாகச் சொல்லி, நான் முடிக்கும்வரை பொறுத்து, பிறகு அடுத்ததைச் சொன்னார்.

"தாயின்ரை பெட்டிக்கு முன்னாலை அவன் ஒருத்தரையும் அடிக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். அதாலை அங்கை பயமில்லை.

"கடையிலை தனிய நிக்கேக்குள்ளை பயம். கதவு மணி அடிச்சால் பயம்.

"அவன் வெட்டினதையும் கண்டனான். தாய்க்கு இடிச்சதையும் கண்டனான். ஒண்டைக் கண்டதுக்காக மற்றதைக் காணேல்லை எண்டு சொல்லட்டோ?"

கடைசியாகத் திரையைத் தொட்டுக் காட்டினார். "இதாலை உங்களுக்குக் குழப்பமெண்டால் எடுத்துவிடுங்கோ. அவன்ரை முகத்தைப் பார்த்தே சொல்றன்."

நீதிபதி அவசரப்படவில்லை. இது உங்கள் உரிமை, எடுக்கத் தேவையில்லை என்று இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். எடுங்கோ என்றார் மனோகரி. ஊழியர் திரையை இழுத்தார், வளையங்கள் கம்பியில் சத்தமிட்டன. நேசன் மொட்டை அடித்திருந்தான், தாய்க்கு அடித்த மொட்டை. மனோகரியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை.

"வெட்டினது இவன்தான்," என்றார் மனோகரி.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் நடுங்கியது. சாட்சியின் குரல் நடுங்காத இடத்தில் மொழிபெயர்ப்பாளரின் குரல் நடுங்கக்கூடாது. அன்று நடுங்கியதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜூரி குற்றவாளி என்றார்கள். தண்டனை சொல்ல இரண்டு வாரம் கழித்து நாள் குறித்தார்கள். அந்த இரண்டு வாரமும் கடைக்கு எங்கள் ஆட்கள் சரியாக வரவில்லை என்று பொலிஸ்காரர் சொன்னார். நேசனுக்குப் பயந்தவர்கள் ஒரு பக்கம், காட்டிக்கொடுத்தவள் என்றவர்கள் ஒரு பக்கம். செத்தவீட்டுக்குப் போனதற்காகச் சிவமும் மனைவியோடு கதைக்கவில்லையாம்.

தண்டனை நாளில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் என்னை இருத்தினார்கள். நடப்பதை மெல்லிய குரலில் அவர்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். சிவம் வலது கையைக் கோட் பைக்குள் வைத்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நீதிபதி, பிள்ளைகளைக் காக்கிறோம் என்று தொடங்கியது எப்படி ஒரு ஊரையே பிடித்து வைத்தது என்று நீளமாக வாசித்தார். பிறகு தண்டனையைச் சொன்னார். மிகவும் நீண்ட சிறை. பின்வரிசையில் நேசனின் தங்கை அழுகிற சத்தம் கேட்டது. சிவம் கண்ணை மூடிக்கொண்டார்.

காவலர்கள் நேசனைக் கீழே காவல் அறைக்கு இறக்கத் திருப்பினார்கள். அவன் திரும்பி, சபையைத் தாண்டி, மனோகரியைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொன்னான். காவலர்கள் உடனே பிடித்தார்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. நீதிபதியின் பேனை எழும்பியது. நேசனின் மொழிபெயர்ப்பாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும், அவர் என்னைப் பார்த்தார்.

"அவர் என்ன சொன்னார்?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "அக்கா, அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கும் நீங்கள் போங்கள் என்று சொன்னார்," என்றேன். அந்த ஒரு இடத்தில் 'சொன்னார்' என்று என்னை அறியாமலே வந்துவிட்டது.

"இது மிரட்டலா?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். நீதிபதி தலையை அசைத்தார். அப்படியானால் மனோகரியையே கேளுங்கள் என்றார். நான் குனிந்து மனோகரியிடம் கேட்டேன்.

"இல்லை," என்றார் மனோகரி. "அவனுக்குப் போகக் கிடைக்காது. தங்கச்சி தனிய. அதாலை கேக்கிறான்." கணவனைப் பார்க்கவில்லை. "போறன் எண்டு சொல்லுங்கோ."

"நான் போவேன்," என்றேன் ஆங்கிலத்தில், அந்த மண்டபம் முழுவதும் கேட்க. நேசன் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். நீதிபதி எழுதினார்.

நான் உட்கார்ந்தேன். எனக்கு வலது பக்கத்தில் சிவம் கோட் பையிலிருந்து அந்தக் கையை மற்றக் கையால் தூக்கி வெளியே எடுத்து மடியில் வைத்தார். சண்டை போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னைத் தாண்டி, மனைவிக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் உள்ளுக்கை வரமாட்டன். காரிலை கொண்டுபோய் விடுறன். பஸ்ஸிலை தனியப் போகாதை."

அதை நீதிபதி கேட்கவில்லை. நான் மொழிபெயர்க்கவும் இல்லை.